அசையாத புள்ளியை எங்கே வைப்பது?

லெவல் எடுக்க, அதாவது மனையின் உயர வித்தியாசங்களை அளக்க, போகும் இடத்தில் நாங்கள் முதலில் தேடுவது டி.பி.எம். வைக்க ஓர் இடம். தற்காலிக பெஞ்ச் மார்க், மற்ற உயரங்களையெல்லாம் ஒப்பிட்டு அளக்க வைத்துக்கொள்ளும் ஆதாரப் புள்ளி. பக்கத்தில் பழைய கல்வெர்ட் (சிறுபாலம்) இருந்தால் அதன் மேல், இல்லாவிட்டால் அசையாமல் நிற்கும் ஏதாவது கட்டடத்தின் பிளிந்த் (அடித்தளமேடை) மூலையில், சிவப்பு பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டு 100.000 என்று எழுதுவோம். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் என்று அதற்கு அர்த்தமில்லை. சென்னையின் பரங்கிமலை உச்சியே ஏறக்குறைய 300 அடிதான், 100 மீட்டர்கூட இல்லை. பள்ளமான இடங்களுக்கு மைனஸ் கணக்கு வந்து குழப்ப வேண்டாம் என்று நாங்களாக வைத்துக்கொள்கிற எண் அது. ஆனால் வைத்தபின் அந்த மனையில் உள்ள ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு தளமும், மழைநீர் வடிகாலின் சரிவும் அந்த ஒரு சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் கட்டப்படும்.

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வேலை. சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண். பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) அடித்துக் கட்டிய கட்டடம் இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்த்துச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் சுறுசுறுப்பாகப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

"அண்ணே, டி.பி.எம். போட்டாச்சு."

"எதுல போட்ட?"

"காம்பவுண்டு செவுத்துல."

எங்கள் சீனியர், கையிலிருந்த ஸ்டாஃப் என்கிற உயர அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு அவனை அந்தச் சுவரருகே கூட்டிக்கொண்டு போனார். அடியில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். "இந்தச் செவுரே எறங்கிட்டு இருக்குடா தம்பி. இதுல வெச்சு அளந்தா, பில்டிங் மாசாமாசம் மேல ஏறுதுன்னு ரிப்போர்ட் போவும்."

பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். கருவி பொய் சொல்லாது. நீ எதப் புடிச்சுக் கேக்குறியோ அதப் புடிச்சுப் பதில் சொல்லும்."

இயற்பியலில் சார்பியக்கம் என்று ஒரு பாடமே இருக்கிறது. பள்ளியில் படித்தபோது எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் அதன் கனம் புரியவில்லை. சுவர் இறங்குகிறதா, கட்டடம் ஏறுகிறதா? லெவல் கருவியின் குறுக்குக்கோட்டில் தெரிவது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மட்டுமே. 4 மில்லிமீட்டர் மாறியிருக்கிறது என்று அது சொல்லும். எது மாறியது என்று சொல்லாது. ஒரு பொருள் நகர்கிறது, ஒரு பொருள் நிற்கிறது என்று நாம் பேசும்போதெல்லாம் "எதைப் பொறுத்து" என்ற சொல் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த வாக்கியம் பாதிதான்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? நாங்கள் செய்வது இதுதான்: ஒரு புள்ளிக்குப் பதில் மூன்று வைப்போம். ஒன்றுக்கொன்று தூரமாக, வெவ்வேறு அஸ்திவாரங்களில். அடுத்த மாதம் வந்து மூன்றையும் ஒன்றோடொன்று சரிபார்ப்போம். இரண்டு ஒத்துப்போய் மூன்றாவது விலகினால், விலகியதுதான் நகர்ந்தது என்று முடிவுசெய்வோம். மெட்ரோ சுரங்கம் தோண்டும் இடங்களிலும் இதே முறைதான். பக்கத்துக் கட்டடங்கள் இறங்குகின்றனவா என்று பார்க்கிற ஆதாரப் புள்ளிகளை, தோண்டுவதன் பாதிப்பு எட்டாத தொலைவில் கொண்டுபோய் வைப்பார்கள். இங்கே நாங்களாக எடுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே இறங்கியிருந்தால்? சேர்ந்தே இறங்கினால் எங்கள் அளவுக்கு அவை நிற்பவைதான். இதைத் தோல்வியாக நான் நினைக்கவில்லை. அளப்பது என்ற வேலையே இப்படி ஒரு முடிவிலிருந்துதான் தொடங்குகிறது.

பரங்கிமலையைச் சொன்னேன். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்து இமயம் வரை போன மாபெரும் அளவைப்பணிக்கு அடிக்கோடு, அதாவது மற்ற நீளங்களையெல்லாம் கணக்கிட அடிப்படையான முதல் கோடு, போட்டது அந்த மலையடிவாரத்தில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை, சுமார் ஏழரை மைல், நேர்கோட்டில் அளந்தார். சென்னை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்கு ஏற்ப நீளத்தைத் திருத்தினார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கோட்டை எங்கேயோ குறுக்கே கடக்கிறேன். இன்று அது ஐ.டி. அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அடியில் போய்விட்டது.

அந்த அடிக்கோடு நகர்ந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? இந்தியக் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. 1802-லிருந்து கணக்குப் போட்டால் 11 மீட்டர். ஒரு மாநகரப் பேருந்தின் நீளம். மலை, மலைமேல் உள்ள தேவாலயம், அடிவார ரயில் நிலையம், பெரும்பாக்கம், நாம் எல்லோரும் அவ்வளவு தூரம் போயிருக்கிறோம். ஆனால் லாம்ப்டனின் அளவு அதனால் துளியும் கெடவில்லை, ஏனென்றால் கோட்டின் இரண்டு முனைகளும் சேர்ந்தே போயின. மலையைப் பொறுத்து பெரும்பாக்கம் அங்கேயே இருக்கிறது. பூமியின் மையத்தோடு கட்டிய ஆயங்களை (இடங்களை எண்களால் குறிக்கும் அமைப்பை) பொறுத்து இரண்டுமே நகர்கின்றன.

எனக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவிகள் சென்டிமீட்டர் துல்லியம் தருபவை. பேஸ் என்கிற நிலையான கருவி ஒன்றை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ரோவர் என்கிற நடமாடும் கருவியைக் கம்பத்தில் பிடித்துக்கொண்டு நடப்போம். பேஸைப் பொறுத்த அளவுக்கு மனையின் கல் எதுவும் நகர்ந்திருக்காது. ஆனால் உலக ஆயத்தில் பத்து ஆண்டுக்கு முன்னால் எடுத்த எண்ணையும் இன்று எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை மீட்டர் வித்தியாசம் வரும். எந்த ஆயத்தில், எந்த ஆண்டுக்கு என்று குறிக்காத ஆய எண்ணை வைத்துக்கொண்டு எல்லைத் தகராறு தீர்க்கப் போவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அரை மீட்டருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊர் இது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "எல்லாமே பார்க்கிறவங்களைப் பொறுத்தது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. வாக்குவாதத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இயற்பியலைச் சாட்சிக்கு இழுப்பார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. தாம்பரம் யூனிட் ரயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உள்ளே வேர்க்கடலை விற்பவர் ரயில் போகும் திசையிலேயே 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து வருகிறார். உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அவர் வேகம் 4. பழவந்தாங்கல் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு 64. திரும்பி நடந்தால் பிளாட்பாரக்காரருக்கு 56. எண்கள் வேறு வேறு. ஆனால் ஒருவர் எண்ணிலிருந்து மற்றவர் எண்ணுக்குப் போக ரயிலின் வேகத்தைக் கூட்டினாலோ கழித்தாலோ போதும். பொட்டலம் கைமாறியதா, சில்லறை கீழே விழுந்ததா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வரவே முடியாது. அபிப்பிராயம் நுழைய இதில் இடமே இல்லை. இரண்டு பேருடைய அளவையும் ஒன்றோடொன்று இணைக்கும் கறாரான விதி இது.

இதை இந்த மண்ணில் முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆரியபட்டர். 499-இல், 23 வயதில். முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னால் போவதாகத் தெரிகிறது. அப்படியே, அசையாத விண்மீன்கள் நேராக மேற்கே போவதாக இலங்கையில் இருப்பவனுக்குத் தெரிகிறது என்று தம் ஆரியபட்டீயம் நூலின் கோளபாதம் என்ற பகுதியில் எழுதினார். இலங்கை என்று அவர் சொல்வது நிலநடுக்கோட்டில் வானநூலார் வைத்துக்கொண்ட ஓர் ஆதாரப் புள்ளி. அவர்களும் ஒரு டி.பி.எம். வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த நூற்றாண்டிலேயே இன்னொரு வானநூலார் வராகமிகிரர் மறுத்தார். பூமி சுழன்றால், வானில் பறந்த கழுகு போன்ற பறவைகள் எப்படித் தங்கள் கூட்டுக்குத் திரும்பும்? இது அசட்டுக் கேள்வி இல்லை. சென்னையின் அட்சரேகையில், 13 பாகையில், தரை வினாடிக்கு ஏறக்குறைய 450 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து எழும்பிய காகம் 10 வினாடி காற்றில் இருந்தால், தரை மட்டும் நகர்ந்து காகம் அங்கேயே நின்றிருந்தால், அது நாலரை கிலோமீட்டர் மேற்கே, தேனாம்பேட்டையைத் தாண்டி இறங்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எனவே பூமி நிற்கிறது. கேட்டவருக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

சரியான பதில் முழுமையாக வர ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. 1632-இல் கலிலியோ ஒரு கப்பலின் கீழ்த்தள அறையைக் காட்டினார். வெளியே எதுவும் தெரியாத அறை. உள்ளே பட்டாம்பூச்சிகள், தொட்டியில் மீன், சொட்டுச்சொட்டாக நீர் விழும் குடுவை. கப்பல் எவ்வளவு வேகமாகப் போனாலும், அந்த வேகம் சீராக இருந்து ஆட்டம் இல்லாவிட்டால், உள்ளே நடப்பதில் எந்த மாற்றமும் தெரியாது. பட்டாம்பூச்சி பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது. கப்பலின் வேகம் அதற்கும் முன்பே சேர்ந்திருக்கிறது. காகத்துக்கும் பூமியின் வேகம் முன்பே சேர்ந்திருக்கிறது.

அந்த அறை நமக்கு மெட்ரோவில் கிடைக்கிறது. சுரங்கத்துக்குள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வெளியே இருட்டு. வேகம் சீரானதும் வீட்டுச் சாவியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். நேராகக் காலடியில் விழும். விழ எடுத்த நேரம் அரை வினாடிக்கும் சற்றுக் குறைவு. ரயில் மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால், அதற்குள் அது சுமார் 9 மீட்டர் ஓடிவிட்டது. சுரங்கச் சுவரிலிருந்து பார்க்க முடிந்தால் சாவி 9 மீட்டர் நீளத்துக்கு வளைந்த பாதையில் விழுந்திருக்கும். நமக்கு நேர்கோடு, சுவருக்கு வளைகோடு. எது நிஜமான பாதை என்ற கேள்விக்கு விடை இல்லை, ஏனென்றால் அது இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்ட கேள்வி.

ஆனால் டிரைவர் பிரேக் போட்டால் கதை மாறிவிடுகிறது. கைப்பிடியை விட்டிருந்தால் முன்னால் போய் விழுவோம். கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். பெட்டியைப் பூட்டி உள்ளே போன் ஒன்றை மட்டும் வைத்தாலும் அதன் உணரி காட்டிக்கொடுக்கும். வேகத்துக்கு வெளியே ஓர் ஆதாரம் தேவை. வேகமாற்றத்துக்கு, அதாவது முடுக்கத்துக்கு, தேவையில்லை. "எல்லாமே சார்புதான்" என்று சொல்பவர்கள் தவறவிடுவது இந்த வித்தியாசத்தைத்தான். ரயிலை நிற்பதாக வைத்துக்கொண்டே கணக்குப் போடலாம், தடையில்லை. ஆனால் அப்போது, யார் தள்ளினார்கள் என்று தெரியாத ஒரு விசையைக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும்.

பூமியே அப்படி ஒரு ரயில்தான், பிரேக்குக்குப் பதில் சுழற்சி. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்த நாளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. முதலில் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அடித்தது. எங்கள் தெருவில் வேப்பமரம் ஒன்று தெற்கே சாய்ந்து மின்கம்பியில் தொங்கியது. புயல் கரையேறிக் கடந்த பிறகு காற்று தெற்கிலிருந்து திரும்ப அடித்தது. வடக்குக் காற்றுக்குத் தாக்குப்பிடித்துத் தளர்ந்துபோன மரங்களை அது எதிர்ப்பக்கமாகப் பிடித்து இழுத்தது. புயலின் மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகப் போவதால் வந்த மாற்றம் இது. மையம் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும்போது வடக்குக் காற்று, மேற்கே தாண்டியதும் தெற்குக் காற்று.

காற்று ஏன் நேராகத் தாழ்வழுத்த மையத்துக்குள் போய் நிரப்பிவிடக் கூடாது? தரையைப் பொறுத்துப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் நகரும் எதையும் வலப்பக்கம் தள்ளும் ஒரு விசை இருக்கிறது. கொரியாலிஸ் விசை. பூமியோடு சேர்ந்து சுற்றாத ஒருவர் விண்ணிலிருந்து பார்த்தால், அவருக்கு அந்த விசையே தேவைப்படாது. கீழே தரை சுழல்கிறது, காற்று தன் போக்கில் போகப் பார்க்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. இருவர் கணக்கிலும் மரம் ஒரே இடத்தில்தான் விழும். நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறக்குறைய 5 பாகைக்குள் புயல்கள் உருவாவது அபூர்வம், ஏனென்றால் அங்கே இந்தத் தள்ளல் மிகவும் குறைவு. 1851-இல் பாரிஸில் ஃபூக்கோ ஊசல் கட்டிக் காட்டியதும் இதைத்தான். ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்பும். துருவத்தில் ஒரு நாளில் முழுச்சுற்று. சென்னையில் அதே ஊசலைக் கட்டினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 106 மணி நேரம் ஆகும். வானத்தைப் பார்க்காமலே, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்தே பூமி சுழல்வதைக் கண்டுகொள்ளலாம். சீரான வேகத்தை மட்டும் அப்படிக் கண்டுகொள்ள வழியே இல்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளியையும் இதே விதிக்குள் கொண்டுவந்தார். அதன் பலன் என் கையில் உள்ள ரோவரில் இருக்கிறது. அவருடைய சார்பியல் கோட்பாடுகளின்படி, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கடிகாரங்கள் வேகத்தாலும் உயரத்தாலும் சேர்ந்து நம் கடிகாரங்களைவிட நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். திருத்தாமல் விட்டால் மனைக்கல்லைத் தேடி எங்கேயோ போக வேண்டியதுதான்.

பூமியும் நிற்கவில்லை என்றால், எதைப் பிடிப்பது? நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. இந்திய அளவைப்பணியின் தீர்க்கரேகைகள் அந்த ஆய்வகத்தைப் பிடித்துத்தான் கணக்கிடப்பட்டன. ரயில்களும் நீண்ட காலம் மதராஸ் நேரத்தில் ஓடின. இப்போதைய இந்திய நேரத்துக்கு அது 8 நிமிடம் 46 வினாடி பின்னால். அதே ஆய்வகத்தில் 1861 ஏப்ரலில் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் ஏஷியா என்றே பெயர் வைத்தார். குறுங்கோளைக் கண்டுபிடிக்கும் வழி எனக்கு நெருக்கமானது. விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு இரவுக்கிரவு அதே வான்பகுதியைப் பார்க்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக, ஒன்று மட்டும் விலகினால், விலகியது நகர்கிறது.

அந்த விண்மீன்களும் நகர்பவைதான். நம் சூரியனே வினாடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பால்வெளியைச் சுற்றி ஓடுகிறது. அதனால் 1998 முதல் வானநூலார் இன்னும் தூரமாகப் போய்விட்டார்கள். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவேசார்களை (மிகப் பிரகாசமான தொலைதூர விண்மீன்திரள் மையங்களை) பிடித்து வானத்தின் ஆயத்தை வரையறுக்கிறார்கள். அவற்றுக்கும் வேகம் உண்டு, ஆனால் அவ்வளவு தூரத்தில் அந்த நகர்வு நம் கருவிகளுக்கு ஏறக்குறைய தெரிவதில்லை. பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அவற்றைப் பொறுத்து அளக்கிறார்கள், அந்தக் கணக்கு ஜி.பி.எஸ்ஸுக்குள் வருகிறது, ஜி.பி.எஸ். வழியாக மேடவாக்கத்தில் ஒரு மனைக்கல்லுக்கு வந்து சேர்கிறது. தோண்டும் இடத்திலிருந்து தள்ளி வைத்த பெஞ்ச் மார்க்கின் அதே தர்க்கம், அண்டத்தின் விளிம்புவரை நீண்டது. இதை முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னும் ஒரு படி போகலாம். அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து மிஞ்சி, அண்டமெங்கும் நிரம்பியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைப் பொறுத்துச் சூரியன் வினாடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் அதுதான் கடைசி, உண்மையான ஓய்வுநிலையா என்று சிலர் கேட்கிறார்கள். அண்டத்தைப் படிக்க அது மிக வசதியான ஆதாரம். ஆனால் இயற்பியல் விதிகள் அங்கே வேறு மாதிரி இல்லை. சாவி அங்கேயும் மெட்ரோவிலும் ஒரே விதிப்படிதான் விழும். எனவே அதுவும் ஒரு தேர்வுதான், நல்ல தேர்வு.

இதையெல்லாம் பார்க்கத் தொலைநோக்கி கூட வேண்டாம். சென்னையில் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் கைப்பிடிச் சுவரில் ஒரு டிஷ் போல்ட்டில் இறுக்கப்பட்டிருக்கும். அதை மாட்ட வந்த தம்பி எங்கள் வீட்டில், "சாட்டிலைட் அங்கயேதான் சார் நிக்குது, டிஷ்ஷ மட்டும் யாரும் அசைக்காம பாத்துக்குங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் செயற்கைக்கோள் பூமியின் மையத்தைப் பொறுத்து வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதுவும் சரி. பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால் நம் மாடிக்கு அது நிற்கிறது. ஆனால் நிலாவும் சூரியனும் அதை வடக்கும் தெற்குமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த விலகலைத் திருத்த, ஹாசனில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து கட்டளை அனுப்பி, அதன் சிறு உந்திகளை அவ்வப்போது இயக்குகிறார்கள். பதினைந்து ஆண்டுக்குப் பக்கமாக எரிபொருள் தீரும் நிலைக்கு வந்ததும், மிச்சமிருப்பதை வைத்து அதைச் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளிவிட்டு, அதே இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவருவார்கள். மாடியில் டிஷ்ஷைத் திருப்பத் தேவையிருக்காது.